நூற்றுப் பதினேழு கிலோ இலை

என் மூத்த மகளின் பழைய கணக்கு நோட்டில், கடைசிப் பக்கத்தில், பென்சிலால் இப்படி எழுதியிருந்தது: "கண்ணாடி 1400. இலை 12. 117 கிலோ." கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் "வேண்டாம்" என்று ஒற்றைச் சொல்.

2018 தீபாவளிக்கு முன் வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டு, பழைய நோட்டுகளை எடைக்குப் போட அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் அப்போது ஏழாம் வகுப்பு. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதற்கு 1400 ரூபாய் என்றுதான் முதலில் தோன்றியது. மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்தவளிடம் நோட்டை நீட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. திருடி அகப்பட்டவளைப் போல நின்றாள். பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். ஒரு வருடமாகவே கரும்பலகையில் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்காரும் பெண்ணின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதிவந்திருக்கிறாள். அந்தப் பெண் கண்ணாடி போட்டவள். என்ன விலை என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, நாங்கள் விற்கும் தேயிலையின் அன்றைய கிலோ விலையால் வகுத்துப் பார்த்திருக்கிறாள். விடை பெரியதாக வந்தது. மூடி வைத்துவிட்டாள்.

பள்ளியில் கண் பரிசோதனை நடந்த அன்று வரிசையில் முன்னால் நின்ற பிள்ளைகள் எழுத்துகளை வாசிப்பதைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து, தன் முறை வந்ததும் அப்படியே ஒப்பித்துத் தப்பித்திருக்கிறாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பார்வைக் குறை இருந்தால் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தில் கண்ணாடி இலவசமாகவே கிடைக்கும். 2009 முதல் நடந்துவரும் திட்டம். அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மறுநாளே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டரை. கண்ணாடி கைக்கு வந்த அன்று வாசலில் நின்று எதிர்ச்சரிவைப் பார்த்தவள், "அம்மா, சில்வர் ஓக் மரங்கள் தனித்தனியாக இருக்கின்றன" என்றாள். அதுவரை அவளுக்கு அது ஒரு பச்சைச் சுவராகத்தான் தெரிந்திருக்கிறது.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் 2006 இல் பிறந்தவள், நடுவுள்ளவன் 2011, சின்னவள் 2014. பணத்தைப் பொறுத்தவரை மூவரும் மூன்று வழி. அன்றுவரை நான் கவலைப்பட்டது மகனைப் பற்றி மட்டும்தான். ஏழு வயதிலேயே அவன் கையில் காசு நிற்காது. மூத்தவளை எல்லோரும் பாராட்டினார்கள், நானும்தான். "இவளைப் பற்றிக் கவலையே இல்லை, கட்டுச்செட்டான பெண்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். சிக்கனமான பிள்ளை என்றால் பெற்றவர்களுக்குச் செலவு குறைவு. அதனால் அதைக் குணம் என்று நினைத்துவிடுகிறோம். அதற்குள் பயம் இருக்கிறதா என்று நான் தட்டிப் பார்க்கவே இல்லை.

அந்தக் கிலோ கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை. என் கணவர் அதோடு இலை வண்டியும் ஓட்டுகிறார். பறித்த இலையை எடை போடும் இடத்துக்குச் சுமந்துகொண்டு போனால் தொழிற்சாலைக்கு ஏற்றிப் போவார்கள். பணம் அன்றன்றைக்குக் கிடைக்காது. மாதம் முடிந்து விலை தெரிந்த பிறகுதான் பட்டுவாடா. பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதந்தோறும் சராசரி விலையை அறிவிக்கிறது. குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் இலை விலையும் ஏறி இறங்கும். போன மாதம் பறித்த இலைக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாமலேயே இந்த மாதம் மளிகை வாங்குகிறோம். இப்படி வாழும் வீட்டில் ரூபாயைவிடக் கிலோதான் நிஜமான அளவு. கேஸ் சிலிண்டர் வந்தால் அவர் "எழுபது கிலோ" என்பார். மின்கட்டணம் என்றால் "முப்பது கிலோ". யாரையும் குத்துவதற்காகச் சொல்வதில்லை. அவருக்கு அப்படித்தான் கணக்கு வரும். சாப்பிட்டுக்கொண்டே அதைக் கேட்டு வளர்ந்தவள் மூத்தவள்.

அவள் வளர்ந்தது அப்பாயியின் மடியில். என் மாமியார் 1972 இல், இருபது வயதில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்தவர். 1964 ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, தாயகம் திரும்பியவர்களுக்காக 1968 இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார்கள். ஒரு ட்ரங்குப் பெட்டிக்குள் அடங்கியதுதான் சொத்து என்று பார்த்தவருக்கு எந்தப் பணத்தின்மேலும் நம்பிக்கை வராது. அரிசிப் பானைக்குள், கம்பளியின் மடிப்புக்குள், தலையணை உறைக்குள் எல்லாம் ரூபாய் நோட்டு வைப்பார். எங்கே வைத்திருக்கிறார் என்பது மூத்தவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது பத்து வயதுப் பேத்தியும் பாட்டியும் சேர்ந்து தலையணையைப் பிரித்தார்கள். 7500 ரூபாய். வங்கி வரிசையில் அத்தை நின்றபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். பணம் மாறிவிட்டது. ஆனால் "ராத்திரியோடு ராத்திரியாக இல்லாமல் போய்விடும் பாப்பா" என்று அத்தை அழுத அழுகை அந்தப் பிள்ளைக்குள் தங்கிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். 2015 இல் இலைக்குக் கிலோ ஒன்பது, பத்து ரூபாய் கிடைத்த காலத்தில் அவளுடைய உண்டியலை உடைத்தோம். 1350 ரூபாய் இருந்தது. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மாமாவும் சித்தப்பாவும் கொடுத்ததை இரண்டு மூன்று வருடமாகச் சேர்த்திருந்தாள். "அடுத்த மாதம் கொடுத்துவிடுகிறோம்" என்றோம். அடுத்த மாதம் வந்தது, போனது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி எதற்குப் போனது தெரியுமா? தம்பி பக்கத்து வீட்டு டார்ச் லைட்டைத் தண்ணீரில் போட்டு உடைத்துவிட்டான், அதற்கு ஈடாக. சேர்த்தவள் பணம் செலவழித்தவன் கணக்குக்குப் போனது. அவள் ஒரு சொல் சொல்லவில்லை. செல்வமகள் சேமிப்புத் திட்டம் அந்த ஆண்டு ஜனவரியில்தான் வந்திருந்தது. பத்து வயதுக்குள் இருக்கும் பெண் குழந்தைக்குக் கணக்குத் தொடங்கலாம். குறைந்தது 1000 ரூபாய் கட்ட வேண்டும் என்பது அப்போதைய விதி. அவள் உண்டியல் பணத்திலேயே அவள் பெயரில் தொடங்கியிருக்கலாம். எங்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை.

நான் மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருந்து கணக்கு எழுதியவள். குழுவில் ஒருவர் பத்து ரூபாய் கடன் வாங்கினாலும் தேதி போட்டு எழுதிக் கையெழுத்து வாங்குவேன். பிள்ளையிடம் வாங்கியதற்கு மட்டும் பதிவேடு இல்லாமல் போனது.

அந்த நோட்டைப் பார்த்த வாரத்திலேயே இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, 1350 ரூபாயோடு 150 சேர்த்து 1500 ஆக அவள் கையில் கொடுத்து, மூன்று வருடம் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டேன். குழுவிலிருந்து கடன் எடுத்துத்தான் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ள மறுத்தாள். வற்புறுத்திக் கொடுத்து, ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். இன்றும் பிள்ளைகளிடம் நாங்கள் கடன் வாங்குவது உண்டு. விவசாயி வீட்டில் அது இல்லாமல் முடியாது. ஆனால் நோட்டில் ஏறாமல் வாங்குவதில்லை, சொன்ன தேதியில் முடியாவிட்டால் முதல் நாளே போய்ச் சொல்கிறோம்.

இரண்டாவது, சமையலறைக் கதவின் பின்புறம் சாக்பீஸால் எழுதி வைத்தேன்: கண்ணாடி, மருந்து, செருப்பு, ஸ்வெட்டர், நாப்கின், பரீட்சைக் கட்டணம். "இவற்றுக்கு நீங்கள் யாரும் விலை பார்க்கக் கூடாது. அது எங்கள் பாடு. தேவை என்று சொன்னால் போதும்" என்றேன். கிலோ கணக்கை வீட்டில் பேசவே கூடாது என்று அவருக்கும் சொல்லிவிட்டேன். பழக்கம் உடனே போகவில்லை. ஆனால் மகளின் நோட்டை அவரிடம் காட்டியிருந்தேன், அதனால் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதன் பிறகு மாதம் 100 ரூபாய் அவளுக்கு என்று வைத்தோம். ஒரே நிபந்தனை, மாதக் கடைசிக்குள் தனக்காகச் செலவழிக்க வேண்டும். சேர்க்கக் கூடாது. கேட்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். முதல் மாதம் அவள் வாங்கி வந்தது வீட்டுக்குத் துணி சோப்பு. இரண்டாம் மாதம் தம்பிக்குப் பம்பரமும் தங்கைக்கு ரிப்பனும். மூன்றாம் மாதம் அப்பாயிக்குத் தைலம். நான்காம் மாதம் என்னைப் பார்த்து நேராகக் கேட்டாள்: "நீ உனக்கென்று கடைசியாக என்ன வாங்கினாய் அம்மா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தால், ஞாபகத்தில் எதுவும் இல்லை. நான் கட்டியிருந்த புடவை தங்கை கொடுத்தது. மழையில் இலை பறிக்கும்போது கால் விறைத்துப் போகும். கம்பளிக் காலுறை வாங்க வேண்டும் என்று நான்கு வருடமாக நினைத்து வாங்காமல் இருந்தேன். அந்த வாரம் இருவரும் கோத்தகிரிக்குப் போனோம். நான் காலுறை வாங்கினேன். அவள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தள்ளுவண்டியில் ஒரு தட்டுக் காளான் வாங்கி, நின்றுகொண்டு, எனக்கு ஒரு கரண்டிகூடக் கொடுக்காமல் முழுவதும் சாப்பிட்டாள். அவள் கொடுக்காதது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொன்னால் தாயாக இருப்பவர்களுக்குப் புரியும்.

2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் என் கணக்குக்கு வருகிறது. அதில் 200 எனக்கு. பிள்ளைகள் பார்க்கும்படியாகவே செலவழிக்கிறேன்.

இனி மகன். அவனுக்கு விவரம் தெரிந்த காலம் 2020. ஊரடங்குக்குப் பின் இலை விலை இருபதைத் தாண்டியது. எங்கள் கையில் அவ்வளவு பணம் அதற்கு முன்பு வந்ததே இல்லை. பழைய கடன்களை அடைத்தோம், கூரைக்குப் புதுத் தகடு போட்டோம், அவர் புது ஸ்மார்ட்போன் வாங்கினார். அக்காவுக்கு எட்டு வயதில் ஒன்பது ரூபாய் வீடு. தம்பிக்கு ஒன்பது வயதில் இருபது ரூபாய் வீடு. ஒரே கூரைதான், ஒரே அடுப்புதான். ஆனால் அவர்கள் வளர்ந்த வீடுகள் வேறு வேறு. ஒரு தாய் வயிற்றில் பிறந்தும் இப்படி இருக்கிறார்களே என்று நான் அங்கலாய்த்ததற்கு விடை அந்த விலைப் பட்டியலில் இருந்திருக்கிறது.

பள்ளிகள் மூடியிருந்த காலம். வகுப்பு போனில் நடந்தது. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மேட்டுப் பாறைக்குப் போனால்தான் கிடைக்கும். பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அங்கே குடை பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. அங்கேதான் சுடும் விளையாட்டு ஒன்றைப் பழகினான். அதில் வைரம் வாங்கினால் நல்ல துப்பாக்கி, நல்ல சட்டை. ரகசிய எண் அவனுக்கு எப்படித் தெரியும்? இலை மூட்டை தூக்கிய ஈரக் கையோடு இருக்கும்போது அவர்தான் "நீயே அழுத்துடா தம்பி" என்று சொல்லிப் பணம் அனுப்ப வைப்பார். 2021 இல், மூன்று வாரத்தில், 49, 79, 99 என்று சிறிது சிறிதாக 4700 ரூபாய் போய்விட்டது. உர மூட்டைக்குப் பணம் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது.

அவர் அடித்தார். நான் தடுக்கும் முன் நாலு அடி விழுந்துவிட்டது. அடி வாங்கியவன் அடுத்த இரண்டு மாதமும் பொய் சொன்னான், வேறெதுவும் மாறவில்லை. நானோ என் பங்குக்கு "அக்காவைப் பார்" என்று ஆரம்பித்தேன். அந்தச் சொல்லை நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று எண்ண முடியாது. அது இரண்டு பேரையும் கெடுத்தது. அவன் "நான் அக்கா மாதிரிக் கஞ்சன் இல்லை" என்று செலவழிப்பதையே தன் பெருமையாக்கிக்கொண்டான். அவளுக்கு வீட்டில் கிடைத்த மரியாதை முழுவதும் சேமிப்பதற்காகவே கிடைத்தது. செலவழித்தால் அந்த இடம் போய்விடும் என்று பிடித்துக்கொண்டாள். இரண்டு பிள்ளைகளையும் ஒரே சொல்லால் எதிரெதிர் மூலைக்குத் தள்ளினேன். இதைப் படிக்கும் பெற்றோர் வேறு எதை விட்டாலும் விடுங்கள், இந்த ஒப்பீட்டை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

அவனை மாற்றியது அவர்தான். நான் தடை போட்டிருந்த அந்தக் கிலோ கணக்கால் மாற்றினார். பள்ளி இல்லாத ஒரு சனிக்கிழமை அவனை எடை போடும் இடத்துக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு மூட்டையின் எடையையும் எழுதச் சொன்னார். இலை விலை அப்போது 18. மாலையில் வீட்டுக்கு வந்ததும், "4700ஐப் பதினெட்டால் வகு" என்றார். 261 வந்தது. "அம்மா கையால் பறித்தால் ஒரு நாளைக்கு முப்பது கிலோ. எத்தனை நாள்?" கிட்டத்தட்ட ஒன்பது நாள். அவன் என் கையை எடுத்துப் பார்த்தான். தேயிலைச் சாறு பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, வெடிப்புக்குள் கறை ஏறி, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அன்றுவரை அது அம்மாவின் கை, அவ்வளவுதான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் அவனாகவே அந்த விளையாட்டை அழித்துவிட்டான்.

மகளுக்கு விஷமாகிப் போன அதே கணக்கு மகனுக்கு மருந்தானது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாளானது. அவளுக்கு விலையும் உழைப்பும் முன்பே தெரியும், அளவுக்கு மேல் தெரியும். அவனுக்குப் பணம் என்பது திரையில் தெரியும் எண். அது எந்தச் சரிவிலிருந்து, யார் முதுகில் ஏறி வந்தது என்று யாரும் காட்டவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்தை ஒரே குரலில் சொன்னால் நியாயம் என்று பலர் நினைக்கிறார்கள். காய்ச்சல்காரனுக்கும் பசிக்காரனுக்கும் ஒரே கஞ்சியை ஊற்றிவிட்டு நியாயம் என்று சொல்ல முடியுமா?

போன் விஷயத்தில் நாங்கள் செய்தது எளிது. ரகசிய எண்ணை மாற்றினோம். இலைப் பணம் வரும் கணக்கைப் போனிலிருந்து நீக்கிவிட்டு, வேறொரு கணக்கை இணைத்து, அதில் 500 ரூபாய்க்கு மேல் வைப்பதில்லை. தவறு நடந்தாலும் ஐந்நூறோடு நிற்கும். சிறுவர்கள் உள்ள எல்லா வீட்டுக்கும் இதைச் சொல்வேன்.

கைக்காசு கொடுப்பதில் மகனுக்கு எதிர்வழி. மாதக் கணக்கு அவனுக்கு ஒத்துவராது. முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். வாரம் 30 ரூபாய் என்று திங்கட்கிழமை கொடுத்தோம். செவ்வாயே தீர்ந்தாலும் அடுத்த திங்கள்வரை இல்லை. இதில் பெரியவர்களின் உறுதிதான் சோதனை. அத்தை ரகசியமாகப் பத்து ரூபாய் கொடுத்துவிடுவார். அவரிடம் கெஞ்சிக் கேட்டு நிறுத்தினேன். பத்து வாரம் கழித்து முதல் முறையாக வெள்ளிக்கிழமை அவன் பையில் ஐந்து ரூபாய் மிச்சம் இருந்தது. பன்னிரண்டு வயதில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பதின்மூன்றில் மாதத்துக்கு ஒருமுறை என்று நீட்டினோம். இப்போது மாதம் 400; அதிலேயே அவனுடைய தின்பண்டம், பேனா, முடிவெட்டு எல்லாம் வர வேண்டும்.

பத்து வயது நிறைந்த பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கித் தானே கையெழுத்திட்டு நடத்தலாம். 500 ரூபாய் போதும். இருவருக்கும் தொடங்கினோம். மூத்தவளுக்கு அந்தப் பாஸ்புத்தகத்தில் வட்டி ஏறியதைப் பார்க்கும்போது ஒரு நிம்மதி. அடித்தால் உடையாத உண்டியல் அல்லவா. மகனுக்குப் பணத்தைவிடத் தன் கையெழுத்தின்மேல்தான் ஆசை. அவனுக்குத் தொடர் வைப்பும் தொடங்கிப் பார்த்தோம், மாதம் 100. அது ஐந்து வருடத் திட்டம். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ஐந்து வருடம் என்பது அவன் வாழ்நாளில் கிட்டத்தட்டப் பாதி. நான்காம் மாதமே சலித்துவிட்டான். அவனுக்கு மூன்று மாதத்துக்குள் கைக்கு எட்டும் இலக்குதான் பிடிக்கிறது. கால்பந்து, மழைக்கோட்டு, டார்ச். அப்படித்தான் சேர்க்கிறான். பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

சின்னவளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவளுக்கு 2019 இல் செல்வமகள் கணக்குத் தொடங்கினோம். அதற்குள் குறைந்தபட்சத் தொகையை 250 ஆகக் குறைத்திருந்தார்கள். அவள் வியாபாரி. கொல்லையில் விழும் பேரிக்காயைக் கொண்டுபோய்ப் பென்சிலும் ஸ்டிக்கருமாக மாற்றிக்கொண்டு வருவாள். அவளிடம் பேரம் பேசி நான் ஜெயித்ததில்லை.

மாதா மாதம் இலைக்கான பில் வந்ததும் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து படிப்பது 2021 இல் தொடங்கிய வழக்கம். முதல் பில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. 820 கிலோ, விலை 14, 11,480 ரூபாய். முன்பணம் 3000 கழித்தார்கள். உரத் தவணை 1500. ஆள் வைத்துப் பறித்த கூலி 3200. கையில் 3780. "பதினோராயிரம்" என்று வாயைத் திறந்த மகன், ஒவ்வொன்றாகக் கழியக் கழிய வாயை மூடினான். மூத்தவளுக்கு நடந்தது நேர்மாறு. "மூவாயிரத்துக்கு மேலே மிச்சமா? அப்பா வண்டிச் சம்பளம் தனியாகவா?" என்று கேட்டாள். அவள் மனதில் நாங்கள் அதைவிட ஏழைகளாக இருந்திருக்கிறோம். பிள்ளைகளிடம் வரவு செலவை மறைப்பது அவர்களைக் காப்பதற்கு என்று நினைத்திருந்தேன். மறைத்தால் ஒருவன் கூட்டி நினைக்கிறான், ஒருத்தி குறைத்து நினைக்கிறாள்.

மகன் விஷயத்தில் நான் தவறிய இடம் ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பரில், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த ஒரு வாரத்தில், கைக்காசு தொலைந்துவிட்டது என்று வந்து நின்றான். மறுபடியும் போன் விளையாட்டுதான் என்று முடிவுகட்டிக் கடுமையாகப் பேசிவிட்டேன். பதில் பேசவில்லை. பத்து நாள் கழித்து, அவன் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா எடை போடும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பையன் ஸ்வெட்டர் இல்லாமல் பள்ளிக்கு வந்துகொண்டிருந்திருக்கிறான். என் மகன் 350 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்லியிருக்கிறான். கையில் காசு தங்காத பிள்ளை என்று நாங்கள் சொன்னதில் பாதி, அடுத்தவர் குளிரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத பிள்ளை என்பதுதான். அன்று இரவு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பொய் சொல்ல வேண்டாம், கொடுப்பதற்கென்று தனியாக ஒரு தொகை வைத்துக்கொள் என்றேன். "முதலிலேயே சொன்னால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாய்" என்றான். சொல்லியிருப்பேன்.

மூத்தவள் 2024 இல் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்தாள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வருகிறது. முதல் மூன்று மாதமும் அந்த ஆயிரத்தை அப்படியே எனக்கு அனுப்பினாள். மூன்று முறையும் திருப்பி அனுப்பினேன். போனில் சண்டை. கடைசியில் 500 அஞ்சலகத் தொடர் வைப்பில், 500 அவளுக்கு என்று உடன்பாடு ஆனது. இன்னும் விடுதியில் மாலைக் காப்பியைத் தவிர்த்து மிச்சம் பிடிக்கிறாள் என்று தெரிகிறது. பயம் முழுவதும் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இப்போது அவளே அதைப் பேசுகிறாள், "எனக்கு அந்த ஐந்நூறு இருந்தால்தான் தூக்கம் வரும் அம்மா" என்று. 2018 இல் அவளுக்கு அதைச் சொல்லத் தெரியாது.

மாத பில்லை இப்போது படிப்பது மகன். போன ஜனவரியில் பனியில் கொழுந்து கருகி 390 கிலோதான் இலை. விலை 17, 6630 ரூபாய். முன்பணம், உரம், கூலி என்று கழித்துக்கொண்டே வந்தான். வீட்டுச் செலவுப் பட்டியலில் மளிகை, மின்சாரம், அப்பாயி மருந்து என்று வாசித்து, கடைசியில் தானாகச் சேர்த்திருந்த ஒரு வரியைக் கொஞ்சம் தணிந்த குரலில் வாசித்தான்: "அக்கா, 300. கேட்க மாட்டாள்."

அவர் என்னைப் பார்த்தார். வழக்கமாக இலை குறைந்த மாதத்தில் எதை வெட்டுவது என்று யோசிப்பவர், பேனாவை வாங்கி, முன்பணத்தில் தன் பீடிக்கு என்று எடுத்திருந்த தொகையைக் குறைத்துக்கொண்டார். அந்த வரி அப்படியே இருக்கிறது.